எப்சிபா நினைவாக ஒரு ஜோடி பாங்கோ

அதில் கை வைத்துவிடாதீர்கள் சார். பெயின்ட் இன்னும் காயவில்லை.

அட, கோபித்துக்கொள்ளவில்லை. உட்காருங்கள். மீரான் பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார், வர அரைமணி ஆகும். நானும் அவருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு என்ன வேலை? மகள் கிட்டாருக்குக் கம்பியா? எத்தனை வயசு? பதினொன்றா? நல்லது. எனக்கும் ஒரு மகள்தான். சுகிர்தா. கோயம்புத்தூரில் டீச்சராக இருக்கிறாள்.

இது பாங்கோ சார். பார்த்திருப்பீர்களே, கச்சேரியில் ஓரமாக ஒருவர் வைத்துத் தட்டுவார். இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். சின்னது மேலே 'டக்'கென்று பேசும், பெரியது கீழே 'தொம்'மென்று பேசும். எனக்கு வாசிக்கத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் மின்சார வாரியத்தில் இருந்தேன், லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் பாங்கோவைப் பற்றியும் அதன் தோலைப் பற்றியும் தெரிந்துகொண்ட அளவுக்கு வேறெதையும் நான் தெரிந்துகொண்டதில்லை. வாங்கிக்கொண்டு போன பிறகு இது ஐந்தாவது தடவை வருகிறேன். மாடிப்படி ஏறுகிற சத்தத்தை வைத்தே பாய் சொல்லிவிடுவார், "என்ன அண்ணாச்சி, மறுபடியும் சின்னதா?" என்று.

மறுபடியும் சின்னதுதான். எப்போதும் சின்னதுதான் தகராறு.

சொல்கிறேன், கேளுங்கள். நேரம் இருக்கிறதே.

போன வருஷம் என் வீட்டுக்காரி தவறிப்போனாள். எப்சிபா. சர்க்கரையில் ஆரம்பித்து கிட்னியில் கொண்டுபோய் விட்டது. கடைசி மூன்று மாசம் படுக்கைதான். நான்தான் பார்த்துக்கொண்டேன் சார். மகள் லீவு எடுத்து வந்தாள், பத்து நாள் இருப்பாள், போய்விடுவாள். அவளுக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. குளிப்பாட்டுகிறது, மாத்திரை கொடுக்கிறது, சோறு ஊட்டுகிறது எல்லாம் நான். ஆம்பளை எவன் செய்வான் இந்தக் காலத்தில்? குழையக் குழையக் கஞ்சி வைப்பேன். கரண்டியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். வாயைத் திறப்பாள், கண்ணைத் திறக்க மாட்டாள். தலை இப்படி ஒருக்களித்துப் போகும். சர்க்கரை கண்ணைத்தான் முதலில் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுதான் போலிருக்கிறது.

அடக்கம் எல்லாம் முடிந்தது. நாற்பதாம் நாள் வந்தது. அவள் பேரில் கோயிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஐயரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் ஒரு லிஸ்ட் எடுத்தார். எங்கள் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் பரவாயில்லை. அங்கே பேர் இல்லாத சாமான் கிடையாது. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஒரு பேர். டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தைப் பேரே மறைத்துக்கொண்டு நிற்கும். ஃபேன் இறக்கையில் ஒருவர் அப்பா பேரை எழுதிக் கொடுத்தார். கரண்டு போனால்தான் அதைப் படிக்க முடியும். அந்த மாதிரி தப்பை நான் செய்யக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன்.

லிஸ்டில் மைக் இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, தரைக்கு விரிப்பு இருந்தது. கடைசியில் ஒரு வரி, 'பாடகர் குழுவுக்கு ஒரு ஜோடி பாங்கோ.' அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று பட்டது. எப்சிபா தாளம் தட்டுவாள் சார். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள், பெரிய சதுர டின். அதை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிப் பாடுவாள். சுகிர்தா சின்னப் பிள்ளை, எதிரே உட்கார்ந்து கூடவே பாடும். நான் நாள் முழுக்கக் கம்பத்தில் நின்றுவிட்டு வருவேன். வந்தால் வீட்டில் டங்கு டங்கென்று சத்தம். யாருக்குத்தான் பொறுக்கும்? பிறகு அந்த டின் எப்படியோ நசுங்கிவிட்டது. அதற்கப்புறம் அவளும் தட்டவில்லை. அதுதான் சொல்கிறேன், லிஸ்டில் பாங்கோ என்று பார்த்ததும் மனசு கனத்துப்போனது. அவளுக்கு இது பொருத்தம், இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை என்று பட்டது.

அப்படித்தான் பாங்கோ வாங்க இந்தக் கடைக்கு வந்தேன்.

பாய் ஐந்து ஜோடி எடுத்து வரிசையாக வைத்தார். பலா மரம், மா மரம், ஒன்று ஃபைபர். ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினார். நான் கட்டையை விரலால் சுண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். கம்பத்தைத் தட்டிப் பார்த்துப் பழக்கம். பலா மரத்தை எடுத்தேன். பிறகு தோல். சின்னதுக்குக் குட்டியாட்டுத் தோல், மெல்லிசு. பெரியதுக்குக் கிடாத் தோல். பாய் ஒரு தோலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "பாருங்க அண்ணாச்சி, இந்த இடத்துல ஒரு கோடு தெரியுதா? ஆடு உயிரோட இருக்கையில பட்ட அடி. எப்படிப் பதப்படுத்தினாலும் இது போகாது. இந்த இடத்துல சத்தம் செத்துப்போவும்" என்றார். நான் அப்படிப்பட்டதெல்லாம் வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரம் நின்று பதினைந்து தோலைப் புரட்டி, எப்சிபாவுக்கென்று ஒரு தழும்புகூட இல்லாத தோலாகப் பார்த்து எடுத்தேன். பாய்க்கே ஆச்சரியம். "இவ்வளவு பாத்து எடுக்கிற ஆளை நான் கண்டதில்ல" என்றார்.

பேர் எங்கே எழுதுவது? கட்டையில் எழுதினால் வாசிக்கிறவர் முழங்காலுக்குள் போய்விடும். அதனால் தோலில் எழுதச் சொன்னேன். எங்கள் கோயிலில் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கப் போகிறவர்கள் பாடகர் குழுவை உரசிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். ஸ்டாண்டில் பாங்கோ இருந்தால் அத்தனை பேரும் குனிந்து படிக்கலாம். சின்னதில் 'திருமதி எப்சிபா நினைவாக' என்று வட்டமாக. பெரியதில் 'அன்பளிப்பு: வேதமாணிக்கம்.' அவளுக்குச் சின்னது, எனக்குப் பெரியது. அதுதானே முறை.

கடையில் பாய் தட்டினபோது இரண்டும் கணீரென்று இருந்தது சார். என் காதால் கேட்டேன்.

பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை. சுகிர்தா, மருமகன், பேத்தி எல்லாரும் வந்திருந்தார்கள். ஐயர் ஜெபம் பண்ணி, பாங்கோவின் மேல் கை வைத்து ஆசீர்வதித்தார். முதல் பாட்டு ஆரம்பித்தது. எங்கள் சபையில் பாங்கோ வாசிக்கிறது பியூலா டீச்சர். எங்கள் அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். நல்லா வாசிப்பார்கள். பழைய கிழிந்த பாங்கோவிலேயே அப்படி வாசிப்பார்கள், புதுசு கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

தொம் என்றது. பிறகு ஒன்றுமில்லை. தொம் தொம் என்றது. நடுவில் டக் டக்கென்று வர வேண்டியது வரவே இல்லை. சின்னது ஊமை மாதிரி இருக்கிறது. டீச்சர் விரல் அதன்மேல் படுவதைப் பார்க்கிறேன், சத்தம் இல்லை. தாளம் நொண்டியடிக்கிறது. பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

இரண்டாவது சரணம் வரும்போது சுகிர்தா எழுந்தாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே போனாள். சபை முழுக்கப் பார்த்தது.

ஆராதனை முடிந்து போய்க் கேட்டேன். புளிய மரத்தடியில் காரில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, உடம்புக்கு முடியலியா?"

"என்னால அதப் பாத்துக்கிட்டு உக்கார முடியாதுப்பா."

"எதை?"

"அம்மா பேரு மேல..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. மருமகன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது சார். பாங்கோவைப் பார்க்கவா செய்வார்கள், கேட்கத்தானே செய்வார்கள்? நான் புரிந்துகொண்டேன். அம்மா பேரில் வாங்கின சாமான் இப்படி ஊமையாக இருக்கிறதே, மட்டமானதை வாங்கிவிட்டாரே அப்பா என்று பிள்ளைக்கு மனக்கஷ்டம். சாப்பிடாமலேயே போய்விட்டார்கள். நாலு பேருக்கு ஆக்கின பிரியாணி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையிலேயே பாங்கோவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். பாய் தட்டினார். கணீர்! எனக்கு ஆத்திரமாக வந்தது. "அங்க சத்தம் வரலை பாய்" என்றேன். மழைக்காலம், ஈரத்தில் தோல் தொய்ந்திருக்கும், வெயிலில் காட்டுங்கள் என்றார். காட்டினேன். அடுத்த ஞாயிறும் தொம், தொம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை வந்து தோலையே மாற்றினேன். இன்னும் மெல்லிசாக. அதுவும் பேசவில்லை. மூன்றாவது தடவை நானே யோசித்தேன். கடையில் பேசுகிறது, பேர் எழுதின பிறகு பேசவில்லை. அப்படியென்றால் பெயின்ட்தான் காரணம்! எனாமல் பெயின்ட் கனம். அந்தக் கனத்தில் தோல் அமுங்குகிறது. நான் சொன்னது சரிதானே? பாயும் தலையாட்டினார். மார்க்கர் பேனாவில் எழுதினோம். நாலாவது தடவை தோலே வேண்டாம் என்று பிளாஸ்டிக் போட்டோம். அதற்கு ஈரமும் தெரியாது, வெயிலும் தெரியாது. அதிலும் அதே கதை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இதற்குள் பெரியது கிழிந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. டீச்சருக்குப் பெரியதில் அப்படி ஒரு கை விழுகிறது. என் பேரில் 'வேத' மட்டும்தான் மிச்சம், மீதி எழுத்தெல்லாம் தேய்ந்து போய்விட்டது. சின்னது கொடுத்த மாதிரியே இருக்கிறது. ஒரு எழுத்து அழியவில்லை. பாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல யாரும் தட்டவே இல்லயே" என்றார். நான் சிரித்தேன். "நான் முன்னால உக்காந்து பாக்கேன் பாய், விரல் படுதே" என்றேன்.

பியூலா டீச்சரிடமும் நேராகவே கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பழகும்போது போய், "டீச்சர், சின்னதையும் கொஞ்சம் நல்லாத் தட்டுங்க" என்றேன்.

"எனக்கு அவ்வளவுதான் வருது அண்ணாச்சி."

"பழைய பாங்கோவுல வந்துச்சே?"

"அதுல பேரு இல்லையே" என்றார்கள். பெயின்ட் விஷயத்தைத்தான் அவர்களும் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு திடீரென்று ஸ்டாண்டை என் பக்கம் தள்ளினார்கள். "இந்தா இருக்கு. நீங்களே தட்டிக் காட்டுங்க அண்ணாச்சி."

பாடகர் குழுவில் பதினாலு பேர் நின்றார்கள். ஸ்டான்லி, குழுத்தலைவர், பாட்டுப் புஸ்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான், "எனக்குக் கை கனம் டீச்சர், தோல் தாங்காது" என்றேன். அதற்கு என்ன அப்படி ஒரு அமைதி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த டீச்சருக்கும் எனக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழக்கம் அவர்களுக்கு. எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வார்த்தை முற்றிவிட்டால் போதும், சரியாக அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே குரல் வரும். "எப்சிபாக்கா! ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை தாங்க!" நான் கை ஓங்கினது அந்தரத்தில் நிற்கும். இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கறிவேப்பிலை பறிக்கப் போவாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை சார், இருபத்தைந்து வருஷம். இத்தனைக்கும் டீச்சர் வீட்டுக் கொல்லையில் எங்கள் மரத்தைவிடப் பெரிய கறிவேப்பிலை மரம் நிற்கிறது! ஆசை ஆசையாக அடுத்த வீட்டில் வாங்கித் தாளிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எப்சிபா போன பிறகு ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. இப்போது எங்கள் மரம் சும்மாதான் தழைத்துக் கிடக்கிறது.

என்ன சார், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம், கை நீட்டியிருக்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை. மறைத்தா பேசுகிறேன்? அந்தக் காலத்தில் யார் வீட்டில் இல்லை? எங்க அப்பா அம்மாவைச் செய்ததில் நான் பாதிகூடச் செய்ததில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிறவன் நானில்லை. ஒரு பீடி பிடித்தது கிடையாது. கோபம் வரும், அந்த நேரத்தோடு சரி. மறுநாள் பூ வாங்கிக்கொண்டு வருவேன். அவளும் வைத்துக்கொள்வாள். இடது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது அவளுக்கு. அது காதில் சீழ் வைத்ததனால். டாக்டர் வேறு என்னவோ கேட்டார், அவளே சொன்னாள், "வழுக்கி விழுந்தேன் டாக்டர்" என்று. கோயிலில் எப்போதும் இடது பக்க பெஞ்சின் ஓரத்தில், ஐயர் பக்கம் நல்ல காதைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். வாயைத் திறந்து ஒரு நாள் என்னைப் பற்றி யாரிடமும் குறை சொன்னவள் இல்லை. அப்படிப்பட்டவள் சார். அதனால்தானே இவ்வளவு அலைகிறேன். ஐந்து தடவை ஒருவன் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வருவானா, மனசில் ஒன்றுமில்லை என்றால்?

எங்கே விட்டேன்? ஆமாம், டீச்சர் சரிப்படாது என்று ஸ்டான்லி ஒரு ஞாயிறு தானே எடுத்து வாசித்தார். அவரும் சின்ன வயசில் எப்சிபாவிடம் பாட்டுப் படித்தவர்தான். பிஸ்கட் டின் முன்னால் உட்கார்ந்தவர். நாலு வரி வாசித்தார். சின்னதுக்கு வரும்போது கை அப்படியே நின்றுவிட்டது. "கை வரலை மாமா" என்று எழுந்துவிட்டார். ஒரு கூட்டம் மொத்தமும் கை வராத ஆட்களாக இருந்தால் நான் என்ன செய்வேன்?

இதற்கு நடுவில் சுகிர்தா போன் எடுப்பதே இல்லை. மருமகன் எடுப்பார், "ஸ்கூல் போயிருக்கா மாமா" என்பார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்கூல். போன மாசம் ஒரு நாள் அவளே எடுத்தாள். வருகிற ஞாயிறு எப்சிபா போய் ஒரு வருஷம் சார். ஞாபக ஆராதனை. அதற்கு வர வேண்டும் என்றேன். போனில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"அம்மா பேரை அதுல இருந்து எடுத்திருங்க. நான் வாரேன். பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன். ஒரு வாரம் இருக்கேன்."

"ஏம்மா? பேரு இருந்தா என்ன?"

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

தெரிந்தால் ஏன் சார் கேட்கிறேன்? அப்படியே கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பேத்திக்கு ஒரு சின்ன சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறேன். ஹாலில் நிற்கிறது, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையல்கட்டுக்குப் போகிறேன். பெடலில் இரண்டு தடவை முழங்காலை இடித்துக்கொண்டேன். நகர்த்தி வைக்க மனசு வரவில்லை.

ஐயரிடம் போய்ச் சொன்னேன். அப்படியென்றால் பாங்கோவையே நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், வேறு ஏதாவது தருகிறேன் என்றேன். படைத்ததைத் திருப்பி எடுக்க முடியாதாம். கமிட்டியில் எழுதியாகிவிட்டதாம். "ஆனா பேரை மட்டும் அழிச்சிரலாமே ஐயா. மகள் வந்தாப் போதுமே" என்றார்.

"அழிச்சா யாரு நினைவா குடுத்ததுன்னு எப்படி ஐயரவாள் தெரியும்?"

"தெரிய வேண்டியவருக்குத் தெரியும்."

நல்ல மனுஷன்தான். ஆனால் சின்ன வயசு. ஊரைத் தெரியாது. பெண்டாட்டி பேரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வருஷத்தில் அவனே அழித்தான் என்றால் என்ன பேசுவார்கள்? ஏதோ இருக்கிறது, அதுதான் அழித்துவிட்டான் என்று பேச மாட்டார்களா? இல்லாததையெல்லாம் சேர்த்துப் பேசுவார்கள். அதை நான் எப்படித் தாங்குவேன்? உயிரோடு இருக்கும்போது அவள் பேருக்கு ஒரு களங்கம் வர விட்டதில்லை. போன பிறகு நானே அழிப்பதா?

அழிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. மகளும் வேண்டும். பத்து நாள் சோறு இறங்கவில்லை சார். சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே யாருமில்லை. கோபம் வந்தால்கூட, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

முந்தாநாள் காலையில் பல் விளக்கும்போது ஒரு யோசனை வந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. பெரியது நல்லாத்தானே பேசுகிறது? எந்தத் தோல் போட்டாலும், எந்தப் பெயின்ட் போட்டாலும் பெரியது பேசுகிறது. சின்னதுக்குத்தான் ராசியில்லை. அப்படியென்றால் அவள் பேரைப் பெரியதுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது! என் பேர் சின்னதில் இருக்கட்டும், பேசினால் பேசுகிறது, பேசாவிட்டால் போகிறது. அவள் பேர் கணீரென்று பேச வேண்டும். வருகிற ஞாயிறு தொம்மென்று கோயில் முழுக்கக் கேட்க வேண்டும். சுகிர்தா கேட்டால் அவள் மனசு ஆறிவிடும். ஸ்டான்லியிடம் சொல்லியிருக்கிறேன், செல்போனில் பிடித்து அன்றைக்கே அவளுக்கு அனுப்பச் சொல்லி. அதைக் கேட்டுவிட்டுக் கிளம்பி வந்தாலும் திங்கள் காலையில் வந்துவிடலாம்.

பெரியது அவளுக்கு, சின்னது எனக்கு. ஆம்பளை எவன் விட்டுக்கொடுப்பான் சொல்லுங்கள்?

இன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டேன். பிளாஸ்டிக் எல்லாம் வேண்டாம், தோல்தான் என்றேன். மறுபடியும் புரட்டினேன். பெரியதுக்கு நல்ல கிடாத் தோல், பால் மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. பாயே பேர் எழுதினார். அவருக்கு நல்ல கையெழுத்து. பாருங்கள், 'எப்சிபா' எப்படி அழகாக இருக்கிறது. அந்தச் 'சி'யின் கொக்கியைப் பாருங்கள்.

படியில் சத்தம் கேட்கிறது. பாய்தான்.

வாங்க பாய். காய்ந்துவிட்டது, நான் தொட்டுப் பார்த்தேன். சார் கிட்டார் கம்பி வாங்க வந்திருக்கிறார், எனக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தார். முதலில் இதை முறுக்கிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு ஒன்றும் அவசரமில்லையாம். இல்லைதானே சார்?

இல்லை பாய், நீங்கள் தட்ட வேண்டாம். நீங்கள் தட்டினால் தகரம்கூடப் பேசும். உங்கள் கையை நம்பி நாலு தடவை ஏமாந்தேன். சாதாரணக் கை தட்டணும். நானா? நான் வேண்டாம். என் கை... வேண்டாம் பாய், எனக்கு அது வராது. சார் தட்டட்டும். சாருக்கு என்னைத் தெரியாது, என் வீட்டைத் தெரியாது, ஊரைத் தெரியாது. இப்போதுதான் பார்க்கிறார். இவர் கைதான் சரியான கை.

வாருங்கள் சார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, விரலைச் சேர்த்து வைத்துத் தட்டினால் போதும். முதலில் சின்னது, என் பேர் எழுதினது.

ஆ! கேட்டீர்களா பாய்? கேட்டீர்களா? ஒரு வருஷமாக நான் தேடினது இதுதான்! எங்கே ஒளிந்துகொண்டிருந்தது இவ்வளவு சத்தம்? இன்னொரு தடவை சார். இன்னொரு... அடேயப்பா. போதும், போதும். மெதுவாக, கிழிந்துவிடப் போகிறது. என்ன சார் இது, யார்மேலோ உள்ள கோபத்தைக் காட்டுகிற மாதிரி. நல்ல கை உங்களுக்கு.

சரி, இனி பெரியது. இதுதான் முக்கியம்.

தட்டுங்கள்.

துடைக்க வேண்டாம் சார், அதில் தூசி இல்லை. பெயின்ட் காய்ந்துவிட்டது, கையில் ஒட்டாது. தைரியமாகத் தட்டுங்கள்.

இப்படி இல்லை. இது தட்டுவது இல்லை, தடவிக்கொடுப்பது. சின்னதில் தட்டின மாதிரி.

சார்.

ஏன் சார் கையை எடுத்துவிட்டீர்கள்? தட்டச் சொன்னால்... இங்கே பாருங்கள், ஒரே ஒரு தடவை. என் மகள் வர வேண்டும் சார்.

பாய்... பாய், இங்கே கொஞ்சம் வாருங்கள். இந்தத் தடவை பெரிய தோல் சரியில்லை பாய். வேறு மாற்றிக் கொடுங்கள்.